மூங்கில் என்று எழுதியிருந்தால் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அலுவலகத்தில் 40 பேருக்குப் பரிசு கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் சாமான் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். மூங்கில் குவளை, துண்டு, பல் துலக்கும் பிரஷ், தண்ணீர் பாட்டில், பேனா ஸ்டாண்டு என ஐந்தைக் குறித்துவைத்திருக்கிறீர்கள். இவற்றில் எது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று தெரிய வேண்டும். கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஏமாந்துவிடக் கூடாது." எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. ஐந்தில் எது என்பதை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். நாளைக்கு வேறு ஐந்து பொருள்கள் உங்கள் முன்னால் வந்தாலும் நீங்களே பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மரத்தொழில்நுட்பம் படித்தவன். 17 ஆண்டுகளாக மூங்கிலோடுதான் வேலை: வெட்டி வரும் கழியைப் பதப்படுத்துவது, காயவைப்பது, செய்து முடித்த பொருளை அனுப்பும் முன் சோதிப்பது. ஆகவே கழியாகவும், அதைப் பிளந்த பத்தையாகவும் இருக்கும் மூங்கிலைப் பற்றிக் கைப்பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். துணி விஷயத்தில் எனக்கு இருப்பது படித்த வேதியியல் மட்டும். அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செடியைப் பற்றி, சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவை. மூங்கில் மரமல்ல, புல். மரத்தின் தண்டு ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும். மூங்கில் குருத்து மண்ணை விட்டு வரும்போதே தன் முழுப் பருமனோடு வருகிறது. சில மாதங்களுக்குள் முழு உயரத்தை எட்டிவிடுகிறது. சில வகைகள் ஒரே நாளில் 90 சென்டிமீட்டர் வரை வளர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். கழியை வெட்டினால் புதர் சாவதில்லை, அடியில் இருக்கும் கிழங்கிலிருந்து அடுத்த ஆண்டுக் குருத்துகள் வரும். மறுபடி நட வேண்டியதில்லை, மண்ணைப் புரட்ட வேண்டியதில்லை. இவ்வளவும் உண்மை, இதற்காகவே மூங்கிலை மதிக்கலாம். பன்னாட்டு மூங்கில் பிரம்பு அமைப்பு 2022 நவம்பரில் சீன அரசோடு சேர்ந்து, பிளாஸ்டிக்குக்குப் பதிலாக மூங்கில் என்றொரு முயற்சியைத் தொடங்கியதற்கும் இந்தக் குணங்கள்தான் காரணம்.

ஆனால் விற்பவர்கள் இதோடு நிறுத்துவதில்லை. "மூன்றே மாதத்தில் அறுவடை" என்று அட்டையில் போடுவார்கள். உயரம் வருவது மாதங்களில். கழி முதிர்ந்து உறுதியாவதற்கு 3 முதல் 5 ஆண்டுகள் ஆகும். இளங்கழியில் செய்த பொருள் காயும்போது சுருங்கும், நெளியும், பூச்சிக்கும் சீக்கிரம் இரையாகும். அப்புறம், "மரத்தைவிட 35 சதவீதம் அதிக ஆக்சிஜன்" என்ற வாசகம். இதை எத்தனையோ அட்டைகளில் பார்த்துவிட்டேன், நான் யாரிடமும் இதைச் சொல்வதில்லை. எந்த வகை மூங்கில், எந்த மரம், என்ன வயது, எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று எதையும் சொல்லாமல் ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது. இன்னொன்று: இருந்த காட்டை அழித்துவிட்டு மூங்கிலை மட்டும் வரிசையாக நட்டால், வந்தது புல்தான் என்றாலும் போனது காடு. பொருளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. காட்டைப் பொறுப்போடு பராமரித்து வெட்டியது என்று காட்டும் எஃப்எஸ்சி சான்று மூங்கிலுக்கும் உண்டு. சிறிய பட்டறைக்காரர்களிடம் அது இருக்காது. அவர்களிடம் கழி எங்கிருந்து வருகிறது என்று நேராகக் கேளுங்கள். தன் புதரைத் தெரிந்தவர் தயங்காமல் பதில் சொல்வார்.

சரி, இனி பொருளுக்கு வருவோம். எந்த மூங்கில் பொருளைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: இதில் மூங்கிலைத் தவிர வேறு என்ன இருக்கிறது? கழிக்கும் பொருளுக்கும் நடுவில் எத்தனை படி வேலை நடந்திருக்கிறது, ஒவ்வொரு படியிலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். செடியின் பெருமை பொருளுக்குத் தானாக வந்துவிடாது.

உங்கள் பட்டியலில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது குவளை. "மூங்கில் நார்க் குவளை" என்று விற்பவற்றில் பலவும், மூங்கிலைப் பொடியாக்கி மெலமைன்-ஃபார்மால்டிஹைடு என்ற பிளாஸ்டிக் பிசினில் கலந்து அச்சில் அழுத்திச் செய்தவை. உருவத்தைப் பிடித்து வைத்திருப்பது பிசின், மூங்கில் அதற்குள் இருக்கும் நிரப்புப் பொருள். இதில் இரண்டு கெடுதல். மெலமைன் பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது, ஆகவே மறுசுழற்சிக்கும் போகாது, மண்ணிலும் மட்காது. அதைவிடப் பெரியது, சூடான பானம் ஊற்றினால் ஃபார்மால்டிஹைடும் மெலமைனும் அதில் இறங்கலாம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் வெளியிட்ட ஒரு கருத்தில், இப்படிப்பட்ட மூங்கில் கலந்த பாத்திரங்கள் சிலவற்றில் சாதாரண மெலமைன் பாத்திரத்தைவிட அதிகமாக ஃபார்மால்டிஹைடு வெளிவந்ததைச் சொல்லியிருந்தது. 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான எதையும் மெலமைன் பாத்திரத்தில் வைக்க வேண்டாம் என்பதும் அவர்கள் அறிவுரை. உணவுக்கான பிளாஸ்டிக்கில் மூங்கில் பொடி சேர்க்க ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி கிடையாது. 2021இல் அங்கே இவற்றைச் சந்தையிலிருந்து பிடித்து அகற்றவே ஒரு தனி நடவடிக்கை எடுத்தார்கள். பிளாஸ்டிக்கை ஒதுக்கிவிட்டு நல்ல மனதோடு ஒருவர் வாங்கிக் கொடுக்கும் பரிசு, உண்மையில் மறுசுழற்சிக்குக்கூட ஆகாத பிளாஸ்டிக்காக இருக்கிறது. எனக்கு இதில் வரும் கோபம் இன்னும் தணியவில்லை.

அடையாளம் காண்பது எளிது. உண்மையான மூங்கிலில் நீளவாக்கில் நார்க்கோடுகள் தெரியும், வெட்டிய முனையில் நார்க்கற்றைகள் சிறு புள்ளிகளாகத் தெரியும், எங்காவது கணு இருக்கும். பிசின் குவளை எல்லாப் பக்கமும் ஒரே வழவழப்பாக, வெளிர் நீலம், ரோஸ், பச்சை என்று நிறம் கலந்து, பொடிப்பொடியான புள்ளிகளோடு இருக்கும். மூங்கில் கழி வளராத வடிவத்தில், மெல்லிய வளைந்த விளிம்போடு ஒரு குவளை இருந்தால், அதை யாரோ அச்சில் வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

அடுத்து துண்டு. பட்டுபோல மென்மையாக இருக்கும் "மூங்கில் துணி" ஏறக்குறைய எல்லாமே விஸ்கோஸ் ரேயான். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து, சல்பூரிக் அமிலத் தொட்டிக்குள் நுண்ணிய துளைகள் வழியாகப் பீய்ச்சி இழையாக்குகிறார்கள். வெளிவருவது தூய செல்லுலோஸ். அது மூங்கிலிலிருந்து வந்ததா, யூகலிப்டஸிலிருந்து வந்ததா என்பது இழையின் குணத்தில் பெரிதாகத் தெரியாது. ஆகவே "மூங்கிலின் இயற்கையான கிருமிநாசினித் தன்மை துணியிலும் இருக்கிறது" என்பதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009லேயே, ரேயானை மூங்கில் என்று விற்றதற்காகவும் இந்தக் கிருமிநாசினிக் கதைக்காகவும் சில நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. 2022இல் இதே மாதிரிக் குற்றச்சாட்டில் வால்மார்ட்டும் கோல்ஸும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. கார்பன் டைசல்பைடு நரம்பைத் தாக்கும் நச்சு. ஆலைக்குள் நின்று வேலை செய்பவர்தான் அதை முதலில் சுவாசிக்கிறார். கரைப்பானைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்தும் லயோசெல் முறையில் செய்த மூங்கில் துணியும் உண்டு, அது எவ்வளவோ மேல். அட்டையில் லயோசெல் என்ற சொல் இருக்க வேண்டும். மற்றபடி மூங்கில் விஸ்கோஸ் வேறு எந்த விஸ்கோஸையும்விட மோசம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பசுமைப் பரிசு என்ற பெயர் பொருந்தாது, அவ்வளவுதான்.

பிரஷ் பரவாயில்லை. கைப்பிடி உண்மையான மூங்கில். தூரிகை முடி பெரும்பாலும் நைலான். ஆமணக்கிலிருந்து செய்தது என்று சொன்னாலும் அதுவும் நைலான்தான், மட்காது. தூக்கிப் போடும் முன் குறடால் முடியைப் பிடுங்கிவிட்டால் கைப்பிடி மண்ணுக்குப் போகும். ஆனால் பரிசு என்று கொடுக்க இது ஏற்றதா என்று கேட்டால், மூன்று மாதத்தில் மாற்ற வேண்டிய பொருள், அவரவர் பல்லுக்கு ஏற்ற மென்மையில் அவரவரே வாங்கிக்கொள்வது நல்லது.

தண்ணீர் பாட்டில் உள்ளே எஃகு, வெளியே மூங்கில் உறை. தண்ணீரைத் தாங்குவது எஃகு. மூங்கில் அங்கே அலங்காரம். இரண்டையும் பசையால் ஒட்டியிருப்பார்கள். கழுவக் கழுவ உறைக்கும் எஃகுக்கும் நடுவில் ஈரம் புகுந்து உறை வீங்கும், கறுக்கும், கடைசியில் பிரியும். பழுதானால் பிரித்து எஃகைத் தனியாகக் கொடுப்பதும் சிரமம். மூங்கில் இல்லாத வெறும் எஃகு பாட்டில் இதைவிட நெடுநாள் உழைக்கும். மூங்கில்காரனான நானே இதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தேடும்போது எதிர்ப்படும்: காய் நறுக்கும் பலகை, தட்டு, மேசைச் சாமான் போன்ற ஒட்டுப்பலகைப் பொருள்கள். மூங்கிலைப் பட்டை பட்டையாகச் சீவி, சதுரமாக்கி, பசை தடவி அழுத்துகிறார்கள். இதில் மூங்கில்தான் பெரும்பங்கு, பசை கொஞ்சம். நல்ல பலகை பல ஆண்டுகள் வரும், ஆகவே நான் இதற்கு எதிரியில்லை. ஆனால் பசை யூரியா-ஃபார்மால்டிஹைடா, வேறா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. எனக்கும் முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். உணவு படும் பொருளுக்கு ஏற்ற பசை என்று எழுத்தில் தரச்சொல்லிக் கேளுங்கள். தேன் நிறத்திலோ பழுப்பிலோ இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சாயமல்ல. நீராவியில் சூடேற்றும்போது மூங்கிலில் உள்ள சர்க்கரை கருகி வரும் நிறம். வெளிர் நிறத்தைவிட இது சற்று மென்மையாக இருக்கும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கழியை அப்படியே அறுத்துச் செய்த பேனா ஸ்டாண்டு, ஒரே துண்டில் செதுக்கிய கரண்டி, பத்தையில் முடைந்த கூடை, தட்டு, விளக்குக் கூடு, புல்லாங்குழல். இவற்றில் மூங்கிலைத் தவிர ஏறக்குறைய எதுவுமே இல்லை. உடைந்தால் தோட்டத்து மண்ணில் போட்டுவிடலாம். உங்கள் ஐந்தில் பேனா ஸ்டாண்டு மட்டும்தான் இந்த வகை. நான் தேர்ந்தெடுப்பதும் அதைத்தான். ஆனால் இதற்கும் ஒரு எதிரி உண்டு: பூச்சி.

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் நான் சோதித்து அனுப்பிய 200 பேனா ஸ்டாண்டுகளில் பாதிக்கு மேல், மூன்றே மாதத்தில் அடியில் வெள்ளை மாவு கொட்டத் தொடங்கிவிட்டன. கழியை ஊறவைத்த தேதி ஏட்டில் இருந்தது, அதை நம்பி நான் கையொப்பமிட்டேன். ஊற வேண்டிய நாள்கள் முழுவதும் அது தொட்டியில் கிடக்கவில்லை என்பதை நேரில் போய்ப் பார்க்கவில்லை. வாங்கியவர் பரிசாகக் கொடுத்திருந்தார். ஒவ்வொருவர் மேசையிலிருந்தும் அவர் அதைத் திரும்பப் பொறுக்க வேண்டியிருந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஏட்டைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை, கழியையும் பிளந்து பார்க்கிறேன்.

நடப்பது இதுதான். மூங்கிலுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. சிறு வண்டுகள் அதைத் தேடி முட்டையிடுகின்றன, புழு உள்ளேயே தின்று வளர்கிறது, வண்டாகி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளை போட்டு வெளியே வருகிறது. உளுத்துப்போவது என்று நாம் சொல்வது இதைத்தான். தடுக்க வழிகள் பழையவை: கழியைச் சில வாரம் நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்து குறையும், புகையூட்டலாம், கொதிக்க வைக்கலாம், வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைக்கலாம். பேனா ஸ்டாண்டு, விளக்குக் கூடு போன்றவற்றுக்கு வெண்காரக் கரைசல் நம்பகமானது. வாயில் படும் கரண்டி, குழல் போன்றவற்றுக்கு அது வேண்டாம், வெந்நீரிலோ புகையிலோ பதப்படுத்தியதைக் கேட்டு வாங்குங்கள். "இயற்கையானது, எந்தப் பதமும் செய்யவில்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அங்கே வாங்காதீர்கள்.

கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது? ஊசித்துளை எங்காவது இருக்கிறதா, வெட்டிய முனையில் மாவு ஒட்டியிருக்கிறதா என்று முதலில். அளவுக்குப் பொருந்தாமல் லேசாக, தோல் சுருங்கி இருந்தால் இளங்கழி. மூக்கில் வைத்துப் பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் காயாமல் செய்திருக்கிறார்கள். விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டுங்கள், சிராய் குத்தினால் முடிப்பு வேலை சரியில்லை. முடைந்த கூடையாக இருந்தால் பத்தையின் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கிறதா என்று கவனியுங்கள். மூங்கிலில் வெளிப்புறத்தில்தான் நார் நெருக்கமாக இருக்கும், அந்த வெளிப்பத்தையில் முடைந்தது வளைத்தாலும் ஒடியாது. உள்பத்தையில் மட்டும் முடைந்த கூடை பார்க்க அதே மாதிரி இருக்கும், சீக்கிரம் பொடியும். மேல்பூச்சு தடித்த கண்ணாடிபோல மின்னினால் அது பாலியூரித்தேன் போன்ற பிளாஸ்டிக் பூச்சாக இருக்கலாம்; எண்ணெய் அல்லது மெழுகு தேய்த்தது கைக்கு மூங்கிலாகவே தெரியும்.

ஒரு சின்னக் குறுக்குப் பேச்சு. தேடும்போது "அதிர்ஷ்ட மூங்கில்" என்ற செடியும் பரிசாகக் கண்ணில் படும். அது மூங்கிலே அல்ல, டிரசீனா என்ற வேறு செடி. அழகான செடிதான், ஆனால் நாயும் பூனையும் கடித்தால் அவற்றுக்கு நச்சு. வீட்டில் பிராணி வைத்திருப்பவருக்குக் கொடுக்காதீர்கள். அதேபோல் பிரம்பும் மூங்கிலும் ஒன்றல்ல. பிரம்பு பனைக் குடும்பத்துக் கொடி, உள்ளே கெட்டியாக இருக்கும். பிரம்புக் கூடை நல்ல பொருள், மூங்கில் என்ற பெயரில் வாங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

40 பேரில் யாராவது வெளிநாட்டில் இருந்தால் அவர்களுக்கு வேறு ஏதாவது கொடுங்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மூங்கில் பொருளை எல்லையில் அறிவிக்க வேண்டும், பூச்சித் துளை இருந்தால் பிடித்துவிடுவார்கள். ஈரக்காற்று உள்ள இடத்தில் செய்த கழி வறண்ட காற்றில் வெடிக்கவும் செய்யும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும் சன்னல் வெயிலிலும் வைக்க வேண்டாம் என்று ஒரு சிறு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். நிறுவனப் பெயர் போட வேண்டுமானால் பெயின்ட் வேண்டாம், சூட்டுக் கம்பியாலோ லேசராலோ பொறிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்ற வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் சுற்றித்தான் வரும். காற்றுப் புகாத உறைக்குள் மூங்கில் பூஞ்சையும் பிடிக்கும். விமானத்தில் வரவழைக்காதீர்கள். அவசரமாகப் பறந்து வரும் பொருளுக்கு ஆகும் எரிபொருள், கப்பலிலும் சாலையிலும் வருவதைவிடப் பல மடங்கு.

இப்படிச் செய்யுங்கள். நாற்பதையும் ஒரே நேரத்தில் வாங்காமல், கையால் செய்யும் ஒருவரிடம் மூன்று மாதிரி மட்டும் முதலில் வாங்குங்கள். கழியின் வயது, எப்படிப் பதப்படுத்தினார், எத்தனை நாள் காயவைத்தார் என்ற மூன்றையும் கேளுங்கள். மாதிரிகளை ஒரு கறுப்புத் தாளின் மேல் நிறுத்தி, மூடிய பெட்டிக்குள் மூன்று வாரம் வைத்துவிடுங்கள். மாவு விழுந்தால் கறுப்பில் பளிச்சென்று தெரியும். விழவில்லை என்பதால் பூச்சியே வராது என்று உறுதி சொல்ல முடியாது, சில முட்டைகள் இன்னும் தாமதமாகப் பொரியும். ஆனால் பதமே செய்யாத சரக்கு பெரும்பாலும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். தாள் சுத்தமாக இருந்தால் மீதி 37க்குச் சொல்லுங்கள். ஊறவைத்துக் காயவைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், கொடுக்க வேண்டிய நாளுக்கு மூன்று மாதம் முன்பாவது தொடங்கிவிடுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால், ஏற்கெனவே பதப்படுத்திக் காய்ந்து கிடக்கும் கழி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து அவரிடமே போங்கள். ஈரக் கழியில் அவசரமாகச் செய்து தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.